பிளேக் நோயை எதிர்த்து நின்ற சாவித்திரிபாய்

1897-ம் ஆண்டு. பூனா நகரத்தில் பிளேக் என்னும் கொள்ளை நோய் புகுந்தது. வீடுகள் பூட்டப்பட்டன. வண்டி கிடைத்தவர்கள் வண்டியில் போனார்கள். கிடைக்காதவர்கள் மூட்டை முடிச்சுடன் நடந்தே ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளியைப் பார்க்கச் சொந்தக்காரரே அஞ்சினார்கள்.

இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு தொண்டுச் சங்கம் என்ன செய்யும்? நோய் தீரட்டும், பிறகு கூடுவோம் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பூனாவில் ஒரு சங்கம் அப்படிக் கதவைச் சாத்தவில்லை. அதை நடத்தி வந்தவர் 66 வயது மூதாட்டி. அவர்தான் சாவித்திரிபாய் புலே.

கணவரே ஆசிரியர்

சாவித்திரிபாய் 1831-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பிறந்தார். மராட்டிய நாட்டில், சதாரா ஜில்லாவில் உள்ள நாய்காவ் அவருடைய ஊர். தகப்பனார் கண்டோஜி நெவசே. தாயார் லட்சுமி.

அந்தக் கால வழக்கப்படி 9 வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜோதிராவ் புலேக்கு வயது 13. சாவித்திரிபாய்க்கு அப்போது எழுத்து வாசனையே கிடையாது. கணவரே அவருக்கு எழுத்துக் கற்பித்தார்.

படித்ததை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1848-ம் ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து, பூனாவில் பிடே என்பவரின் வீட்டில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதில் சாவித்திரிபாய் ஆசிரியை ஆனார்.

பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம்பிய காலம் அது. அவர் தெருவில் நடந்து போகும்போது சேற்றையும் சாணியையும் வீசினார்கள். சாவித்திரிபாய் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. பையில் மாற்றுப் புடவை ஒன்று எடுத்துப் போனார். பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அழுக்குப் புடவையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்.

1849-ல் மாமனாரும் ஊராரின் நெருக்குதலுக்குப் பணிந்தார். பள்ளிக்கூடத்தை விடவேண்டும், இல்லையேல் வீட்டை விடவேண்டும் என்று சொல்லிவிட்டார். தம்பதிகள் வீட்டை விட்டார்கள்!

சங்கம் பிறந்தது

1863-ல் அவர்கள் மற்றொரு காரியம் செய்தார்கள். கர்ப்பமான விதவைகள் ஊருக்கு அஞ்சிப் பிள்ளையைக் கொன்றுவிடும் கொடுமை அப்போது இருந்தது. அதைத் தடுக்கத் தங்கள் வீட்டிலேயே ஒரு விடுதி திறந்தார்கள். அங்கே பிறந்த ஓர் ஆண் குழந்தையை 1874-ல் தங்கள் மகனாக ஏற்றார்கள். அவன் பெயர் யஷ்வந்த். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1873-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி ஜோதிராவ் புலே சத்தியசோதக் சமாஜம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். உண்மையைத் தேடுவோர் சங்கம் என்பது அதன் பொருள். ஜாதி, மதம் பாராமல் எல்லாரும் அதில் சேரலாம். புரோகிதர் இல்லாமல், வீண் செலவு இல்லாமல் கல்யாணம் நடத்தி வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார்கள். சங்கத்தின் பெண்கள் பகுதியைச் சாவித்திரிபாய் கவனித்தார்.

முதல் சோதனை

சங்கம் தொடங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1876-ல் தக்காணத்தில் மழை பொய்த்தது. பெரும் பஞ்சம் வந்தது. கால்நடைகள் மடிந்தன. மக்கள் இலை தழைகளைத் தின்றார்கள்.

அப்போது சங்கத்தார் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கவில்லை. பூனாவை அடுத்த தன்கவடியில், பசித்த குழந்தைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார்கள். சாவித்திரிபாய் ஜுன்னர் பக்கம் உள்ள கிராமங்களுக்குப் போனார்.

அங்கே நடந்ததை 1877 ஏப்ரலில் ஓத்தூரிலிருந்து அவர் கணவருக்குக் கடிதமாக எழுதினார். லேவாதேவிக்காரர்கள் பஞ்சத்தையும் லாபமாக்கிக்கொண்டிருந்தார்கள். கலகம் மூண்டது. போலீசார் சங்கத் தொண்டர்கள் ஐம்பது பேரைப் பிடித்துப் போனார்கள். சாவித்திரிபாய் கலெக்டரிடம் நியாயத்தை எடுத்துச் சொன்னார். கலெக்டர் தொண்டர்களை விடுவித்தார். அதோடு ஏழைகளுக்கு நான்கு மாட்டு வண்டி சோளமும் அனுப்பி வைத்தார்.

இந்தப் பஞ்சம் சங்கத்துக்கு ஒரு பாடம் கற்பித்தது. ஆபத்துக் காலத்தில் சங்கத்தின் வேலை நிற்பதில்லை. வேலையின் உருவம்தான் மாறுகிறது என்பதே அந்தப் பாடம். இருபது ஆண்டுக்குப் பிறகு அது கைகொடுத்தது.

தனியே நின்றார்

1890-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி ஜோதிராவ் புலே காலமானார். கொள்ளி வைப்பது யார் என்பதில் தகராறு எழுந்தது. வளர்ப்பு மகனுக்கு உரிமை இல்லை என்று உறவினர் சிலர் தடுத்தார்கள். உடனே சாவித்திரிபாயே தீச்சட்டியைக் கையில் ஏந்தி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். தம் கையாலேயே கணவரின் சிதைக்குத் தீ மூட்டினார். ஊர் வாயடைத்து நின்றது.

தலைவர் போனதும் சங்கமும் போய்விடும் என்று பலர் எண்ணினார்கள். அது நடக்கவில்லை. சாவித்திரிபாய் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். 1893-ல் சாஸ்வட் என்ற ஊரில் நடந்த சங்க மகாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

எலி கொண்டுவந்த எமன்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகப் பக்கம் பிளேக் தலைகாட்டியது. சீன தேசத்திலிருந்து உலகெங்கும் பரவிய கொள்ளை நோய் அது. கடும் காய்ச்சல் வரும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். சில நாளில் உயிர் போகும். லட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு ஓடினார்கள். நோய் பூனாவுக்கும் வந்து சேர்ந்தது.

நோய்க் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் மனிதருக்கு நோய் வருகிறது என்பது தெரியவில்லை. அதை பிரெஞ்சு டாக்டர் சிமோன்ட் 1898-ல்தான் கண்டறிந்தார்.

1897 பிப்ரவரி 4-ந் தேதி சர்க்கார் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டைச் சோதிக்கலாம், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகலாம் என்று அதிகாரிகளுக்குப் பெரும் அதிகாரம் கிடைத்தது. மக்கள் நோயைவிட அதிகாரிகளுக்கு அதிகமாக அஞ்சினார்கள். நோயாளியை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள்.

சங்கத்துக்கும் பேரிடி விழுந்தது. பம்பாயில் அதன் தூணாக விளங்கியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வாங்கித் தந்த தலைவர் அவர். பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த அவரையே பிளேக் பிடித்துக்கொண்டது. 1897 பிப்ரவரி 9-ந் தேதி அவர் மாண்டார்.

தொண்டு செய்தால் சாவு வரும் என்பது சாவித்திரிபாய்க்குத் தெரியாதது அல்ல. அது கண் முன்னே நடந்திருந்தது.

வெட்டவெளியில் வைத்தியம்

விடுதியில் பிறந்த யஷ்வந்த் இப்போது டாக்டராகி, ராணுவத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தாய் மகனை அழைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அழைக்கவில்லை. நோயாளிகளைக் காப்பாற்றவே அழைத்தார்!

பூனாவுக்கு வெளியே ஹடப்சர் பக்கம், சாசனே தோட்டம் என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. ஊர் நெருக்கம் இல்லாத திறந்த வெளி அது. எலிகள் நிறைந்த இருட்டு வீடுகளைவிட வெட்டவெளி பத்திரமானது என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொள்ளும்.

யஷ்வந்த் வைத்தியம் பார்த்தார். சாவித்திரிபாய் நோயாளிகளைத் தேடிப் போனார். சர்க்கார் ஆட்கள் வந்தால் ஒளிந்த குடும்பங்கள், இந்த அம்மையார் வந்தால் கதவைத் திறந்தன. ஐம்பது ஆண்டுகளாக அவர் ஏழைகளின் தெருவில் நடந்திருக்கிறாரே! அந்த நம்பிக்கையை எந்தச் சட்டமும் ஒரே நாளில் உண்டாக்க முடியாது.

முதுகில் சுமந்த பிள்ளை

பூனாவை அடுத்த முந்த்வா கிராமத்தில், ஊருக்குப் புறம்பே மகர் சமூகத்தாரின் குடியிருப்பு இருந்தது. தீண்டத் தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த மக்கள் அவர்கள். அங்கே ஒரு சிறுவனுக்கு பிளேக் கண்டது.

செய்தி எட்டியதும் சாவித்திரிபாய் அங்கே போனார். சிறுவனைத் தம் முதுகில் தூக்கிக்கொண்டார். 66 வயது உடம்பு. முதுகிலே காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளை. அப்படியே சுமந்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்.

 நோய் சாவித்திரிபாயையும் பற்றிக்கொண்டது. 1897-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி அவர் கண் மூடினார்.

அடுத்த சில நாட்களில் பூனாவில் சிப்பாய்களின் வீட்டுச் சோதனை தொடங்கியது. மக்கள் கொதித்தார்கள். ஜூன் 22-ந் தேதி பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோயும் கோபமும் சேர்ந்து பூனா நகரைப் படாத பாடு படுத்தின. பலவந்தத்தால் திறக்காத கதவு பரிவால் திறக்கும் என்பதை அம்மையார் முன்பே காட்டிப் போயிருந்தார்.

அணையாத விளக்கு

யஷ்வந்தும் சில ஆண்டுகளுக்குப் பிறகு பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தபோதே உயிர் துறந்தார். தந்தை, தாய், மகன் மூவரும் போனார்கள். சங்கத்தின் வேகம் சில காலம் குறைந்தது. ஆனால் அது அழியவில்லை. 1911-ல் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் ஆதரவில் புத்துயிர் பெற்று எழுந்தது.

எழுத்துத் தெரியாமல் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணின் பெயரை, பூனா பல்கலைக் கழகம் 2014 முதல் தாங்கி நிற்கிறது.

கூட்டம் போட முடியாத காலம் எந்தச் சங்கத்துக்கும் வரலாம். 2020-ல் கொரோனா வந்தபோது நாமும் அதைக் கண்டோம். அப்போது சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? கணக்குப் புத்தகத்தையும் வருகைப் பதிவையும் பார்த்து அறிய முடியாது. துன்பப்படுகிறவனின் வீட்டுக்கு யாராவது ஒருவர் போனாரா என்று கேட்க வேண்டும். அவருக்கு அந்த வீட்டுக் கதவு திறந்ததா என்றும் கேட்க வேண்டும். சாவித்திரிபாய் இருந்தவரை சத்தியசோதக் சமாஜத்திடம் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தது.