ஒரு கோழிக் கட்டி, 55 வருடக் காத்திருப்பு: யார் இந்த பெய்டன் ரௌஸ்?

1966-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது பெய்டன் ரௌஸுக்கு வயது 87. பரிசுக்குக் காரணமான ஆய்வை அவர் வெளியிட்டதோ 1911-ல். அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின்கூட 1963-லேயே நோபல் வாங்கிட்டார். மாமனார் இன்னும் மூணு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி என்ன கண்டுபிடிச்சார்?

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர் ரௌஸ். மருத்துவம் படிக்கும்போது, பிரேதப் பரிசோதனையில் விரலில் பட்ட கீறல் வழியாகக் காசநோய் தொற்றியது. டெக்சாஸ் பண்ணை ஒன்றில் ஒரு வருடம் தங்கி உடம்பைத் தேற்றினார். 1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வைத் தொடங்கினார். அப்போது ஒரு பெண், பெரிய கட்டியோடு இருந்த தன் கோழியை அவரிடம் கொண்டுவந்தார்.

அந்தக் கட்டி ஒரு சார்கோமா. தசை, கொழுப்பு, இணைப்புத் திசு மாதிரி இடங்களில் வரும் புற்றுநோய். ரௌஸ் அதை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை நல்ல கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றுக்கும் சார்கோமா வந்தது. செல்லே இல்லாம கேன்சர் எப்படித் தொற்றும்? வைரஸ்தான் காரணம் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று பெரும்பாலானோர் நம்பவில்லை. எலிகளில் அவரே தேடியும் இதுபோல எதுவும் சிக்கவில்லை. 1915 வாக்கில் அந்த ஆய்வையே விட்டுவிட்டார்.

சும்மா இருந்தார்னு நினைக்காதீங்க. ரத்தத்தை வாரக்கணக்கில் கெடாமல் வைக்கும் சிட்ரேட்-குளுக்கோஸ் கரைசலை ஜோசப் டர்னருடன் சேர்ந்து உருவாக்கினார். முதல் உலகப் போர்முனையில் ரத்தத்தைச் சேமித்து வைக்க அது உதவியது. என்னைக் கேட்டா, இதுக்கே தனியா ஒரு நோபல் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கோழி வைரஸில் கட்டியை உண்டாக்குவது ஒரே ஒரு மரபணு. பெயர் சார்க். (நாடுகள் கூடும் சார்க் மாநாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, சார்கோமாவின் சுருக்கம்.) அது உருவாக்கும் புரதம், மற்ற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கும் சுவிட்ச். நம் உடம்பிலும் சார்க் உண்டு. ஆனா பெரும்பாலும் ஆஃப்-ல் இருக்கும். வைரஸின் சார்க்கில் ஆஃப் செய்ய உதவும் வால்பகுதி சிதைந்திருப்பதால் அது எப்போதும் ஆன். அப்போது செல்லை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் பிடிமானங்கள் தளரும். செல் நகர ஆரம்பிக்கும்.

மனித சார்கோமா பரவினால் பெரும்பாலும் போய்ச்சேர்வது நுரையீரலுக்குத்தான். எந்தக் கட்டி பரவும் என்று முன்கூட்டியே சொல்லும் புரதங்களைத் தேடுவோர் சார்க்கையும் கவனிப்பது இதனால்தான். சார்க்கைத் தடுக்கும் டாசாடினிப் மருந்தை சார்கோமா நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான வகைகளில் பெரிய பலனில்லை.

இதில் ஒரு வினோதம். நம் சொந்த மரபணுக்கள் மாறுவதால்தான் புற்றுநோய் வருகிறது என்ற கருத்தை ரௌஸ் ஏற்கவே இல்லை. நோபல் உரையில்கூட அதை எதிர்த்தார். 1970-ல் இறந்தார். ஆறே வருடத்தில் பிஷப், வார்மஸ் குழு, சார்க் ஆரோக்கியமான கோழியிலேயே இருப்பதைக் காட்டியது. வைரஸ் அதைக் கோழியிடமிருந்துதான் சுட்டிருக்கிறது! 1989-ல் அவர்கள் இருவருக்கும் நோபல். இந்த முறை காத்திருப்பு 13 வருடம்.