தந்தை செல்வா: நடுக்கவாதமும் கடைசி வீழ்ச்சியும்

தந்தை செல்வா என்றதும் கட்சியும் ஒப்பந்தங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மூளை, நரம்பு நோயாளர் விடுதியில் நீண்டகாலம் தாதியாக வேலை செய்த எனக்கு, அவரது உடல் பட்ட பாடும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

சா.ஜே.வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர். கொழும்பில் ஆசிரியராக இருந்தபடியே சட்டம் படித்து, குடியியல் வழக்குகளில் பேர்பெற்ற சட்டத்தரணியானார். 1947இல் காங்கேசன்துறையில் வென்றார். 1949 டிசம்பர் 18இல் மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956 ஜூன் 5இல் காலிமுகத்திடலில் அவர் தலைமையில் அமர்ந்திருந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டார்கள். அமிர்தலிங்கத்தின் தலையில் காயம். 1957இல் பண்டாரநாயக்கவுடனும் 1965இல் டட்லியுடனும் செய்த ஒப்பந்தங்கள் இரண்டும் நிறைவேறவில்லை.

இந்தக் காலத்திலேயே பார்க்கின்சன் எனும் நடுக்கவாதம் அவரைப் பிடித்தது. காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. இந்த நோயில் குரல் அடங்கும், முகம் அசைவிழக்கும், நடை தளரும். பார்ப்பவர்கள் மனமும் தளர்ந்துவிட்டதென்று நினைப்பார்கள். அவரோ 1975 இடைத்தேர்தலில் பெருவெற்றி பெற்றார். 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியபோது அவருக்கு வயது 78.

நடுக்கவாதக்காரருக்கு விழுகைதான் பெரிய ஆபத்து. 1977 மார்ச் கடைசியில் தெல்லிப்பழை வீட்டில் விழுந்து நினைவிழந்தார். ஏப்ரல் 26இல் காலமானார்.

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேலுள்ள நாளங்கள் இழுபட்டு நிற்கும். சிறு அடியிலும் அவை கிழிந்து இரத்தம் கசியலாம். சிடி ஸ்கான் 1971இல்தான் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை புள்ளியிடும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது 1974இல். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் உயிராபத்து.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் ஏராளம். விழுந்தவர் எழுந்து தேநீர் குடித்தாலும் கவனியுங்கள். தலையிடி கூடுதல், திரும்பத் திரும்பச் சத்தி, அளவுமீறிய தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள். அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் இவை வரலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. திடீரென இடி விழுந்ததுபோல் வரும் தலையிடி, அடிபடாவிட்டாலும் அவசரமே.

போரில் பட்ட உலோகத்துண்டு உடலில் இருப்பவர்கள், எம்ஆர்ஐ எடுக்கமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். எங்கே, எப்போது பட்டதென்று சொல்லத் தயங்குபவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அந்தக் கதை முழுதும் வேண்டாம். உள்ளே துண்டு இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும்.