மருத்துவ மேதை சுப்பாராவ்

புதுவை ஆட்சிக்குட்பட்ட ஏனாம் நகரைப் போலவே பீமவரமும் கோதாவரிக் கழிமுகத்தில் அமைந்த ஊர். அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். வறுமையிடையே வளர்ந்த அவர், பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். அவருடைய உடன்பிறந்தார் இருவர், 'ஸ்புரூ' என்னும் குடல்நோய்க்குச் சில நாள் இடைவெளியில் இரையாயினர். உண்ட உணவின் சத்தை உடல் ஏற்கவொட்டாமல் மெலிவிக்கும் கொடுநோய் அது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ அறையிலும் சுப்பாராவ் கதரே அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் சினங்கொண்டார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. கதராடைக்கு அது பெரிய விலைதான்.

1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். இரவில் மருத்துவமனை ஏவலராய் உழைத்துப் பகலில் கற்றார். தசைகளுக்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பிஸ்கே என்பாருடன் ஆராய்ந்து புகழ்பெற்றும், அங்கே நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அங்கே அவர்தம் குழுவினர் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று.

உயிரணுக்கள் பெருகுவதற்கு இச்சத்து இன்றியமையாதது. இரத்தப் புற்றுநோயிலோ வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுகின்றன. அவற்றுக்கு இச்சத்துப் பயன்படாமற் செய்தால் என்ன? பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர் இவ்வாறு எண்ணினார். போலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரினைச் சுப்பாராவின் குழு ஆக்கி அவருக்கு அளித்தது. பூட்டினுள் நுழைந்து, திரும்பாமல் நின்றுவிடும் கள்ளச் சாவியை ஒத்தது அது. இறப்பை எதிர்நோக்கியிருந்த குழந்தைகள் 16 பேருக்கு அதனைக் கொடுத்ததில், 10 பேர் நலம் பெற்றனர். அந்நலம் நீடிக்கவில்லை, நோய் மீண்டது. ஆயினும், அந்நோய் மருந்துக்குப் பணியும் என்பது தெளிவாயிற்று.

பார்பரின் அறிக்கை வெளியான 1948ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், தாயகம் திரும்பாமலே சுப்பாராவ் தமது 53ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நோயாளரின் குருதியிலுள்ள டி அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை இனங்காணும் திறனூட்டி, அவருக்கே மீளச் செலுத்தும் கார்-டி மருத்துவம் இன்று வந்துள்ளது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அத்தகைய மருத்துவத்திற்கு 2023இல் இந்தியாவில் இசைவு கிடைத்தது. மற்ற மருந்துகளுக்குப் பணியாத நோய்க்கே அதனைப் பயன்படுத்துகின்றனர். புதிதாய் நோயுற்ற குழந்தைக்கு அளிக்கும் மருந்துகளுள், அமினாப்டெரினின் இனமான மெதோட்ரெக்சேட்டு இன்றும் ஒன்றாக உள்ளது.