கோடுகளைத் துறந்த ஓவியர்

காந்தியடிகளின் முகத்தைச் சில கோடுகளிலே கொண்டு வந்தவர் அவர். கோடுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தக் கோட்டையே ஒதுக்கிவிட்டு, வண்ணத்தை மட்டும் நம்பிப் படம் தீட்டத் துணிந்தார். அவர்தான் ஓவியர் ஆதிமூலம்.

கிராமத்துப் பையன்

திருச்சி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் 1938-ம் ஆண்டில் பிறந்தார். படம் வரையும் ஆசை அவரைச் சென்னைக்கு இழுத்து வந்தது. சிற்பி தனபால் அவருக்கு வழிகாட்டினார். அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். கே. சி. எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்த காலம் அது. படிப்பு முடிந்ததும் நெசவாளர் சேவை மையத்தில் ஓவியராகப் பணி புரிந்தார்.

1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தது. ஆதிமூலம் கறுப்பு மையை எடுத்தார். ஏறத்தாழ நூறு காந்தி படங்கள் வரைந்தார். பழங்கால ராஜாக்களையும் வரைந்தார். ஊரெல்லாம் பாராட்டியது.

வண்ணமே படம்

கிடைத்த புகழோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1970-களில் அவர் மனம் வண்ணத்தின் பக்கம் திரும்பியது. பெரிய கேன்வாஸ் துணியில் நீலமும் மஞ்சளும் சிவப்பும் பரவின. முகம் இல்லை, மரம் இல்லை, வீடும் இல்லை. இது என்ன படம்?

பனி விலகாத காலையில் நாமக்கல் வயல் வரப்பில் நின்று கொல்லிமலையைப் பாருங்கள். மரம் தெரியாது, பாறை தெரியாது. நீலம் மட்டுமே தெரியும். ஆனாலும் மலையைப் பார்த்த நிறைவு மனதில் உண்டாகும். அந்த நிறைவைத்தான் ஆதிமூலம் தீட்டினார்.

துணியில் ஊறிய வண்ணம்

அமெரிக்காவிலும் இப்படித் துணிந்தவர்கள் உண்டு. ஹெலன் பிராங்கன்தாலர் 1952-ல் 23 வயதுப் பெண். பூச்சு இல்லாத கேன்வாஸைத் தரையில் விரித்தார். டர்பன்டைன் கலந்து, தண்ணீர் போலாக்கிய வண்ணத்தை அதன்மேல் ஊற்றினார். வண்ணம் நூலுக்குள் ஊறிப் படர்ந்தது. சேலத்துச் சாயத் தொட்டியில் நூல் சாயம் குடிப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மறு ஆண்டு அந்தப் படத்தைப் பார்த்த மாரிஸ் லூயிஸ் என்ற ஓவியரும் அதே வழியில் இறங்கினார்.

ஆதிமூலம் ஊற்றவில்லை. வண்ணத்தின் மேல் வண்ணமாக அடுக்கினார். முறை வேறு, நம்பிக்கை ஒன்றுதான். உருவத்தின் துணை இல்லாமலே வண்ணம் பேசும் என்று நம்பினார்கள்.

இரண்டு கைகள்

கேன்வாஸில் கோட்டை விட்டவர், காகிதத்தில் விடவில்லை. பத்திரிகைகளுக்குத் தொடர்ந்து படம் வரைந்தார். கரிசல் மண்ணைப் பற்றி கி. ராஜநாராயணன் எழுதியவற்றுக்கு ஆதிமூலத்தின் கோடுகள் உயிர் கொடுத்தன. அவற்றைப் பார்த்து ரசித்த வீடுகள் ஏராளம். வண்ணப் படங்களைக் கண்காட்சிக்குச் சென்று பார்த்தவர்கள் சிலரே. அதற்காக அவர் வண்ணத்தைக் கைவிடவில்லை.

2008 ஜனவரியில் ஆதிமூலம் காலமானார்.

அவருடைய வண்ணப் படம் ஒன்றை எங்காவது காண நேர்ந்தால், அதில் உருவத்தைத் தேடாதீர்கள். காலைப் பனியில் மலையைப் பார்ப்பதுபோல், சற்று நேரம் நின்று பாருங்கள். அது போதும்.