கையெழுத்திடாத வாரிசு

பழைய வீடு ஒன்றின் வரலாற்றைத் தேடுபவர் முதலில் போய் நிற்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைப் புரட்டினால் வீடு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது தெரிந்துவிடும். ஆனால், அந்த வீட்டில் யார் சமைத்தார், யார் பசியாறினார், யார் அழுதார் என்பதைப் பத்திரங்கள் சொல்வதில்லை. திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

அருப்புக்கோட்டையைத் தாண்டினால் கரிசல் நிலமும் வேலிக்கருவையும் நீரற்ற கண்மாய்களும் கண்ணில் படும். ஊரையொட்டி ஓடும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். சுந்தரர் பாடிய தலம் என்ற பெருமையைத் தவிர 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு வேறு பெரிய அடையாளம் கிடையாது. அப்போது இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். விருதுநகர் மாவட்டம் அதற்கும் முக்கால் நூற்றாண்டு பிந்தியது.

அந்த வீட்டில் 1879 டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவுக்குப் பின் பிறந்த குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. தந்தை சுந்தரமய்யர் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுதும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பின்பு மனு எழுதுபவராகி, பட்டம் இல்லாமலே உள்ளூர் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலாக உயர்ந்தார். வீட்டின் ஒரு பகுதியில் குடும்பம் வாழ்ந்தது. மறுபகுதி வந்துபோவோருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சத்திரமோ உணவகமோ அரிதான அக்காலத்தில், அந்த வறண்ட சீமைக்கு வந்த அதிகாரிகளும் வழக்காடிகளும் வழிப்போக்கர்களும் அங்கே தங்கி உண்டார்கள்.

வக்கீல் வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. சிறுவன் ஒருநாள் வழக்குக் கட்டு ஒன்றைப் பிரித்துக் கப்பல் செய்து விளையாடியதாகவும், தந்தை கடிந்துகொண்டதும் கோயிலுக்கு ஓடி அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகவும் சொல்வார்கள். பத்திரங்களோடு அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்த உறவை நினைக்கையில் இந்தக் கதை எனக்குக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது.

1892இல் சுந்தரமய்யர் இறந்தார். ஒரு மனிதரின் வருமானத்தில் நின்ற குடும்பம் உடனே சிதறியது. மூத்த மகன் நாகசாமியும் பன்னிரண்டு வயது வேங்கடராமனும் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த சிற்றப்பா சுப்பய்யர் வீட்டுக்குப் போனார்கள். அழகம்மாள் இளைய பிள்ளைகளோடு மானாமதுரையில் இருந்த மற்றொரு கொழுந்தனார் நெல்லையப்பய்யரின் ஆதரவை நாடினார். திருச்சுழி வீடு பின்னர் வேறு கைகளுக்கு மாறியது. வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்து அடுத்த அத்தியாயத்துக்கு விரைகின்றன. அந்த வரிகளுக்குள் ஒரு கைம்பெண்ணின் வாழ்வு முழுதும் இருக்கிறது.

1896 ஜூலையில், மதுரை வீட்டின் மாடி அறையில், பதினாறு வயது மாணவனை மரணபயம் பற்றியது. உடல் இறந்தால் இறப்பது யார் என்ற கேள்விக்குள் அவர் இறங்கினார். ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். தன்னைத் தேட வேண்டாம், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதே சீட்டின் சாரம். நான் என்று தொடங்கி, நடுவில் தன்னை இது என்று குறிப்பிட்டு, இறுதியில் பெயருக்குப் பதில் வெறும் கோடோடு அது முடிந்தது. வழியில் கீழூரில் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்காகக் கொடுத்த விலாசச் சீட்டைக் கிழித்தெறிந்தார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். பிறகு அந்த ஊரை விட்டு அவர் நீங்கவே இல்லை.

துறவு அங்கே முடிந்துவிட்ட செயல் என்று நாம் நினைக்கிறோம். அதன் விலையை வேறொருவர் செலுத்திக்கொண்டிருந்தார். 1898இல் மகன் இருக்குமிடம் தெரிந்து வந்த அழகம்மாள், பவழக்குன்றில் நாள்தோறும் மன்றாடினார். மௌனத்தில் இருந்த மகன் ஊழின் வலிமையை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாய் தனியே திரும்பினார். மூத்த மகனையும் இளம் வயதிலேயே இழந்தார். 1916இல், போக்கிடம் குறைந்துபோன முதுமையில், மலைமேலிருந்த மகனிடமே வந்து சேர்ந்தார். இம்முறை மகன் மறுக்கவில்லை.

கந்தாசிரமத்தில் அழகம்மாள் அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சையுணவிலும் அன்பர்கள் கொண்டுவந்ததிலும் நடந்த வாழ்க்கைக்கு ஒரு சமையலறை கிடைத்தது. 1922 மே 19 அன்று அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்கு அதே ஆண்டு இறுதியில் மகன் வந்து தங்கினார். அதைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் அமர்ந்த உணவுக்கூடம், தாயின் சமாதியருகே எழுந்த ஒன்று. விடியுமுன் காய் நறுக்கிய ரமணர், தமக்கென்று பிறர் இலையில் இல்லாத எதையும் பரிமாற அனுமதிக்கவில்லை. திருச்சுழி வீட்டின் விருந்தினர் பகுதி அங்கே மறுபடி திறந்துகொண்டது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆசிரமத்துக்குச் சொத்து சேர்ந்தபோது வழக்கும் வந்தது. 1938இல் நிர்வாகத்தை முறைப்படுத்த உயில் ஒன்று எழுதப்பட்டது. அதில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ரமணர் ஒரு கோடு மட்டும் இழுத்தார். வக்கீலின் மகன் சட்டத்தைப் புறக்கணிக்கவில்லை; தன் பெயரை மட்டுமே அதிலிருந்து விலக்கிக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

திருச்சுழி வீடு இன்று ஆசிரமத்தின் பராமரிப்பில், தந்தையின் பெயரால் சுந்தர மந்திரம் என்று வழங்குகிறது. அன்றாடம் வழிபாடு நடக்கிறது. பெயர்பெற்ற ஒருவர் பிறந்ததால் இந்த ஒரு வீடு தப்பியது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அதே காலத்து வீடுகள் எத்தனையோ, கூரை சரிந்து, மனைகளாக விலைபோகின்றன. அவற்றிலும் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். யாரோ இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். வீடு கைமாறிய நாளில் ஒரு பெண் பிள்ளைகளோடு வெளியேறியிருக்கிறார். பூர்வீக வீட்டை விற்கப் பத்திரத்தைத் தேடும் நாளிலாவது, வீட்டில் மிஞ்சியிருக்கும் மூத்தவர்களிடம் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றியும் கேட்டு எழுதி வைக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த நகல் கிடைக்காது.