மணலில் எழுதிப் படித்த மாணவர்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

ஐரோப்பாவின் வடபால் உள்ள டென்மார்க்கு நாட்டிற்குச் செல்வோர் ரோஸ்கில்டே நகரின் செங்கற் பேராலயத்தைத் தேடிச் சென்று காண்பார்கள். டேனிஷ் மன்னர் பலரின் கல்லறைகள் அங்கேதான் உள்ளன. அவ்வளவு தொலைவு செல்லும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆனால் அம்மன்னருள் ஒருவருடைய முடியும் பெயரெழுத்தும் முகப்பில் தாங்கிய தேவாலயம் ஒன்றைப் பேருந்திலேயே சென்று பார்த்து வரலாம். அது இருக்குமிடம் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி.

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரருக்குத் தரங்கம்பாடியில் வாணிகம் செய்ய இடமளித்தார். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடலோரத்தில் கோட்டை எழுந்தது. அதைச் சுற்றி நகரம் வளர்ந்தது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்படும் வரை, 225 ஆண்டுகள், அவ்வூர் டேனிஷ்காரர் கையில் இருந்தது.

எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் அவ்வூரைக் கண்டேன். அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் ஒருபுறம்; கோட்டை ஒருபுறம். நகரின் முக்கிய வீதியில் இரண்டு தேவாலயங்கள். ஒன்று 1701இல் டேனிஷ்காரர் தமக்கெனக் கட்டிய சீயோன் ஆலயம். மற்றொன்று 1718இல் தமிழ்க் கிறித்தவர்களுக்கென எழுந்த புதிய எருசலேம் ஆலயம். நான்காம் பிரடெரிக் மன்னரின் முடிச் சின்னத்தைத் தாங்கி நிற்பது இந்த இரண்டாவது ஆலயமே. அதனுள்ளே உறங்குகிறார் அதைக் கட்டியவர். அவர் டேனிஷ்காரரும் அல்லர், தமிழரும் அல்லர். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தார் சீகன்பால்கு. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். நோய்வாய்ப்பட்ட உடம்பு, படிப்பும் அடிக்கடி தடைப்பட்டது. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேரறிஞரிடம் பயின்றார். அக்காலத்தில் நான்காம் பிரடெரிக் மன்னர் தம் குடியேற்றத்திற்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். ஜெர்மன் நாட்டு இளைஞர் இருவர் கிடைத்தனர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்ற இருவரும் 1705ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர்.

மன்னரின் ஆணையோடு வந்தவர்களுக்கு மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. வாணிகக் கம்பெனியின் தலைவர்களுக்கு இவர்கள் வரவு பிடிக்கவில்லை. வாணிகத்திற்கு இடையூறு வந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். தங்க இடமின்றி வந்தவர்கள் வீதியில் காத்து நின்றார்கள்.

அந்த நிலையில் சீகன்பால்கு செய்த செயல்தான் அவரை நமக்குரியவர் ஆக்கியது. ஆசானாக வந்தவர் முதலில் மாணவர் ஆனார். திண்ணைப் பள்ளி நடத்திய முதிய ஆசிரியர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவர் நடுவே தாமும் தரையில் அமர்ந்தார். மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதினார். ஐரோப்பாவில் பட்டம் பெற்ற இருபத்துநான்கு வயது இளைஞர், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! கற்பிக்க வந்தவனுக்குக் கற்றுக்கொள்ளும் பணிவு வேண்டும் என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை, அமர்ந்து காட்டினார்.

சில மாதங்களிலேயே தமிழில் பேசவும் எழுதவும் தேர்ந்தார். பிறகு ஏடுகளின் மேல் ஆசை பிறந்தது. எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். புலவர் மறைந்தபின் வீட்டில் கிடந்த ஏடுகளைக் கைம்பெண்கள் சிறு தொகைக்கு விற்றார்களாம். 1708இல் தாம் திரட்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். திருக்குறள் உள்ளிட்ட 119 தமிழ் நூல்களுக்கு அதில் குறிப்பு உண்டு. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் முந்தையது இப்பட்டியல்! அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஒழுக்கமற்ற மக்கள் என்று தம் நாட்டார் எண்ணியிருந்த தமிழரிடம் இத்தகைய நீதிநூல்கள் இருக்கின்றன என்று காட்ட விரும்பினார்.

அந்த ஆண்டே துன்பமும் வந்தது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசினார். ஆளுநர் ஹாசியஸ் சினந்து அவரைக் கோட்டையில் அடைத்தார். 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு மாதச் சிறை. கடலலை மோதும் அந்தக் கோட்டையில் நின்றபோது, ஒரே மன்னரின் இரண்டு பணியாளருள் ஒருவர் மற்றவரைச் சிறையிட்ட விந்தையை எண்ணி வியந்தேன்.

விடுதலைக்குப் பின் பணி தளரவில்லை, வேகம் பெற்றது. கிரண்ட்லர் என்னும் நல்ல துணைவர் வந்து சேர்ந்தார். சிறுவருக்கும் சிறுமியருக்கும் பள்ளிகள் நடந்தன. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஹாலேயிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகள் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது அச்சு வரலாறு கூறும் சுவையான செய்தி. தாளுக்கென ஓர் ஆலையும் தொடங்கினார்கள். அது நின்ற இடம் இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே வழங்குகிறது. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. தமிழ் நூல் அச்சாவது அதுவே முதன்முறை அன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் இந்திய மொழி எதிலும் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது இதுவே முதல்.

இடையில் ஐரோப்பா சென்று, இலத்தீனில் தாம் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலேயில் அச்சிட்டார். மணமும் புரிந்துகொண்டு அதே ஆண்டில் தமிழகம் திரும்பினார். 1717இல் புதிய எருசலேம் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபர் 11 அன்று அது திறக்கப்பட்டது. அந்த மகிழ்ச்சியும் முழுமையாக இல்லை. கட்டடங்களுக்குப் பணம் செலவிடுவதைக் கோபன்ஹேகன் மிஷன் சபை கடிந்துகொண்டது. நலிந்த உடம்பு மனச்சுமையையும் தாங்க இயலாமல் 1719 பிப்ரவரி 23 அன்று ஓய்ந்தது. அவருக்கு வயது முப்பத்தாறு. தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அனுப்பிய மன்னர் ரோஸ்கில்டே பேராலயத்தில். அனுப்பப்பட்டவர் சோழமண்டலக் கரையில்.

சீகன்பால்கு தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். நம் சமயங்களைப் பற்றிக் கடுமையாகவும் எழுதியிருக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மறுப்பதற்குமுன் படித்தார், படித்ததை மதித்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவான நூலொன்றை எழுதி அனுப்பினார். ஹாலே பெரியோர் அதை அச்சேற்ற விரும்பவில்லை. 1867இல்தான், அதுவும் நம் சென்னையில்தான், அது அச்சாயிற்று. கற்ற குற்றத்திற்காக ஒரு நூல் 150 ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தது!

நான் ராஜகுளத்தைச் சேர்ந்தவன். எங்கள் பகுதி உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்பதில் எங்களுக்குப் பெருமை அதிகம். கல்லில் எழுதியது தானே நிற்கும். ஓலையில் எழுதியதோ, யாரேனும் ஒருவர் மதித்து எடுத்துவைத்தால்தான் நிற்கும். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகள் எத்தனை! போகித் தீயில் வெந்தவை எத்தனை! கடல் கடந்து வந்த ஒருவர் விலை கொடுத்து வாங்கியதை நாம் விலையின்றியே இழந்திருக்கிறோம்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணில் பழஞ்சுவடி ஏதேனும் கிடக்கிறதா என்று இந்த விடுமுறையில் பாருங்கள். இருந்தால் நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்களிடம் சொல்லுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கு வழி காட்டுவார்கள். மணலில் விரல் வைத்து நம் மொழியைக் கற்ற அந்த மாணவருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.