போட்டோவுக்கு நடுவில் வந்த நாயனக்காரர்

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் கல்யாண போட்டோ ரொம்ப வருஷமாகத் தொங்கியது. கண்ணாடி விரிசல் விட்டதால் ரவுண்டானா பக்கம் இருக்கிற ஒரு பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் பழைய சட்டத்தைக் கழற்றியதும், அதுவரை மறைந்திருந்த ஓரம் வெளியே வந்தது. அதில் ஒரு நாயனத்தின் அகன்ற வாய் மட்டும் எட்டிப் பார்க்கிறது. வாசித்தவர் படத்தில் இல்லை! தூரத்து உறவுக்காரர் வரைக்கும் நிற்க வைத்த போட்டோக்காரர், கல்யாணத்தையே நடத்திக் கொடுத்தவரை விட்டுவிட்டார்.

அந்த மனுஷரை போட்டோவுக்கு நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்த ஒருவரைப் பற்றித்தான் நம் மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

1898 ஆகஸ்ட் 27-இல் நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெயர் பெற்ற நாதஸ்வரக்காரர். அவர்தான் எடுத்து வளர்த்தார். சின்ன வயசில் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றார். பிறகுதான் நாயனம். பாட்டுக்காரராக ஆரம்பித்ததால், குழலிலும் பாடுகிற மாதிரியே வாசித்தார். திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனபின் அந்த ஊர்ப் பெயரே அவருடன் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் நாயனக்காரருக்கு என்ன மரியாதை தெரியுமா? ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கணும். பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளணும். பாட்டுக்காரருக்கு மேடை, இவர்களுக்குத் தெரு. ராஜரத்தினம் இதை ஏற்கவில்லை. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், கோட்டும் ஷெர்வானியும் போட்டார். பாட்டுக் கச்சேரி மாதிரியே மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சுருதிக்கு ஒத்து ஊதும் வழக்கத்தை விட்டு, தம்புராவை வைத்துக்கொண்டார். அவருடைய பழைய போட்டோக்களைப் பாருங்கள். குனிந்த தலை ஒன்றில்கூட இருக்காது.

எஞ்சினியர்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. அப்போது புழக்கத்தில் இருந்தது திமிரி என்கிற குட்டை நாயனம். சுருதி உச்சத்தில் இருக்கும். சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும் என்பது நாம் படித்த பாடம்தான். ஆனால் நீளம் மாறினால் துளைகளின் இடைவெளியும் மாறணுமே! வாசிப்பவர் காதும் செய்பவர் கையும் சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டன. சுருதி இறங்கியது, சுத்த மத்தியமமும் பேசியது. இன்றைக்கு மேடைகளில் கேட்பது அந்த பாரி நாயனம்தான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே காலத்தில் கடல் தாண்டி அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை. ஜாஸ் இசைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பட்டி போல்டன் 1931-இல் மனநல விடுதியில் இறந்தார். அவர் ஊதிய கார்னெட்டுக்கு ஒரு இசைத்தட்டும் இல்லை. 1905 வாக்கில் தன் குழுவோடு எடுத்துக்கொண்ட ஒரே ஒரு போட்டோதான் மிச்சம். 1923-இல் சிகாகோவில் கிங் ஆலிவரின் குழு எடுத்த போட்டோவில் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். கறுப்பர் என்பதால் பல இடங்களில் வாசல் மறுக்கப்பட்டவர்கள், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக மிடுக்காக நிற்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1901. நம்மவரை விட மூன்று வயசு இளையவர். இருவருக்கும் ஊதுகுழல், இருவருக்கும் கற்பனைதான் உயிர். ஒருவரை ஒருவர் அறியாமலே, கேமரா முன்னால் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

போல்டனுக்குக் கிடைக்காதது ராஜரத்தினத்துக்குக் கிடைத்தது. அவருடைய தோடி இசைத்தட்டில் ஏறியது. மணிக்கணக்கில் விரித்த ராகத்தை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடுகிற தட்டில் அடக்கிவிட்டார்! நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலோடு அவர் வாசித்த கச்சேரிகளுக்கு ஊரே திரண்டது. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த காளமேகம் படத்தில் அவரே கதாநாயகன். 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில் அவர் நாயனம் ஒலித்தது.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், முரண்டு பிடிப்பார், வந்த பணம் கையில் தங்காது. 1956 டிசம்பர் 12-இல் சென்னையில் காலமானார். சேர்த்து வைத்த சொத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மேடை இருந்தது. சீடர் காருக்குறிச்சி அருணாசலம் அதில் ஏறினார். 1968-இல் தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிவாஜி வாயசைக்க, நிஜமாக வாசித்தது நம் மதுரையின் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

புது பிரேமில் தாத்தா போட்டோவின் ஓரத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாயனம் இப்போது வெளியே தெரிகிறது. அவர் பெயரைச் சொல்லத்தான் வீட்டில் யாரும் மிச்சமில்லை.

நண்பர்களே, தம்பி தங்கைகளே! நம் கல்லூரி விழாக்கள் எல்லாம் மங்கல இசையோடுதான் தொடங்குகின்றன. குரூப் போட்டோ எடுக்கிற நேரத்தில் அவர்கள் சாப்பாட்டுப் பந்தியிலோ பஸ் ஸ்டாப்பிலோ இருப்பார்கள். இந்தச் சங்கமத்தில் அவர்களையும் கூப்பிடுவோம். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, படத்துக்குக் கீழே பெயரையும் அச்சடிப்போம். அம்பது வருஷம் கழித்து அந்த போட்டோவைப் பார்க்கிற பிள்ளைக்கு, வாசித்தது யார் என்று தெரியட்டும்.